பழைய ஹெரால்டுக்குப் புது டயர்: நைலானா, ரேடியலா, எந்த அகலம்?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். இரண்டு கதவு வண்டி. இருபது வருஷமாக ஒரு ரைஸ்மில் கொட்டகையில் நின்றது. என்ஜினைக் கிளப்பிவிட்டான், பிரேக்கும் பிடிக்கிறது. டயர்தான் நாலும் போச்சு. மறுநாள் காலையிலேயே போன். "அண்ணே, ஒரு கடையில 155 போடுங்கன்னு சொல்லுதாங்க. இன்னொருத்தரு அலாய் வீலு வாங்கி 175 போட்டா நல்லா இருக்கும்ங்காரு. நம்ம மெக்கானிக்கு, பழைய வண்டிக்கு நைலான் டயர்தான் லாயக்குங்காரு. எதப் போட?"

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு யாருக்காவதும் உதவும். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 145/80 ஆர் 13 ரேடியல், உள்ளே ட்யூப், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்தும் புதுசு, தயாராகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகாத சரக்கு. (145 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது, ஆர் என்றால் ரேடியல், 13 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்.) மூன்று விதமான டயர் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

என்னுடைய ஹெரால்டு பெரியப்பாவிடம் இருந்து வந்தது. அவர் காலத்தில் நைலான் டயர். 2012-இல் நான் 155/80 ரேடியல் போட்டேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் கொக்கிரகுளத்தில் இருந்த ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்து, சக்கரத்தின் நடு வரைக்கும் இரண்டு நாள் நின்றது. அதற்குப் பிறகு ரிம்மைச் சுத்தம் பண்ணி, பெயிண்ட் அடித்து, 145/80 போட்டேன். இன்றைக்கும் அதில்தான் ஓடுகிறது.

டயருக்குப் போகும் முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரான கார் இது. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. அந்த ஹெரால்டின் சேஸிஸை வைத்துத்தான் 1962-இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், வீல் போல்ட் அமைப்பு எல்லாம் ஒரே குடும்பம். அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவருக்கும் பொருந்தும். வண்டியின் எடை சுமார் 800 கிலோ. என்ஜின் 948 சிசி, சக்தி 40 குதிரைக்கும் குறைவு. ரிம் 13 அங்குலம் விட்டம், மூன்றரை அங்குலம் அகலம். கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் 5.20-13 நைலான். இதில் மூன்றரை அங்குலம் என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பேச்செல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலில் நைலான். கடைக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்வது குறுக்கு நெய்தல் டயரைத்தான். உள்ளே இருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாக, பாய் பின்னின மாதிரி குறுக்கே போகும். பக்கச் சுவரும் தரையைத் தொடும் பாகமும் ஒரே துணியாக இருப்பதால், ஒன்று வளைந்தால் மற்றதும் சேர்ந்து வளைகிறது. ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். அவற்றின் மேல், தரையைத் தொடும் பாகத்துக்கு அடியில், எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். சுவர் தன் பாட்டுக்கு வளையும், அடிப்பாகம் தரையோடு படிந்து நிற்கும். மிஷலின் கம்பெனி 1946-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. இன்றைக்குக் காருக்கு வேறு டயரே கிடையாது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

நைலானுக்காக வாதாடுகிற மெக்கானிக் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கார் அந்த டயருக்காகவே வரையப்பட்டது. மெதுவாகப் போகும்போது ஸ்டீயரிங் பூப்போல இருக்கும். வளைவில் பிடிமானம் குறைவுதான். ஆனால் திடீரென்று கைவிடாது, கொஞ்சம் கொஞ்சமாக நழுவி முன்கூட்டியே சொல்லிவிடும். பழைய படங்களில் வண்டி எப்படி நின்றதோ அப்படியே நிற்கும். பெரியப்பா பின்னால் கைகட்டி நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார் அல்லவா, அந்தத் தோற்றம் ரேடியலில் முழுசாக வருவதில்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ஓட்டுகிறவனுக்கு அது போதாது. ஆடி மாதக் காற்றில் வள்ளியூரைத் தாண்டிப் பணகுடி, காவல்கிணறு பக்கம் போனவர்களுக்குத் தெரியும். நாலுவழிச் சாலையின் இரண்டு பக்கமும் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். மேற்கில் இருந்து அடிக்கிற காற்று லாரியையே ஒரு பக்கமாகத் தள்ளும். 800 கிலோ வண்டியை நைலான் டயரில் அந்த இடத்தில் 70-இல் பிடித்துக்கொண்டு போவது லேசான வேலை இல்லை. ரோட்டில் ஒரு கோடு, ஒரு ஒட்டு இருந்தாலும் டயர் அதன் பின்னாலேயே போகப் பார்க்கும். கன்னியாகுமரி போய் வந்தால் தோள்பட்டை வலிக்கும். ஒரு வாரம் நின்றுவிட்டால் டயரின் அடி தட்டையாகி, கிளப்பினதும் முதல் ஐந்தாறு கிலோமீட்டர் தடதடவென்று அடிக்கும். சித்திரை வெயிலில் வேகமாக ஓட்டினால் சூடு ஏறுவதும் ரேடியலைவிட அதிகம். மழையில் பிரேக் போட்டால் வண்டி நிற்கும் தூரம், ஓட்டின எவருக்கும் நினைவிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், நல்ல நைலான் டயர் கிடைப்பதே. 13 அங்குலத்தில் இங்கே கிடைப்பது பெரும்பாலும் எங்கோ குடோனில் கிடந்த பழைய சரக்கு. ஒருமுறை ஒரு கடையில், "கவர் பிரிக்காதது அண்ணாச்சி, புதுசு" என்று காட்டினார்கள். சுவரில் தேதிக்கு மூன்றே எண். 2000-க்கு முன் தயாரான டயரில்தான் மூன்று எண் இருக்கும். கால் நூற்றாண்டு கடந்த ரப்பர் அது. பத்மினிக்குப் போடும் 5.20-14-ஐ "அதே சைஸ்தான்" என்று கொடுக்கவும் ஆள் இருக்கிறது. 14 அங்குல டயர் 13 அங்குல ரிம்மில் ஏறாது, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்று சில காரியங்களுக்கு மட்டும்தான். அந்த வழியில் போகிறவர், வருஷத்துக்கு இரண்டு கண்காட்சிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர் என்றால் புதிதாகத் தயாரான வெளிநாட்டு நைலான் டயரைத் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. என் தம்பி ஞாயிற்றுக்கிழமை தோறும் பாபநாசம் போகிறவன். அவனுக்கு அது வேண்டாம்.

சரி, ரேடியல் என்று முடிவாகிவிட்டது. 145-ஆ, 155-ஆ?

கடைக்காரர்கள் 155/80 ஆர் 13 சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் க்விட், செலெரியோ, இப்போதைய வேகன் ஆர் என்று பல வண்டிகளுக்குப் போவது அது. எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். அளவிலும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. இதை நானே வீட்டில் சோதித்தேன். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, டயரின் அடியில் சாக்பீஸால் டயருக்கும் தரைக்கும் சேர்த்து ஒரு கோடு. என் மகன் ஸ்டீயரிங் பிடிக்க, நான் பின்னால் இருந்து மெதுவாகத் தள்ளினேன். டயரில் போட்ட கோடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டேப். 155-இல் 176 சென்டிமீட்டர் வந்தது. 145-இல் 171. பெரியப்பா காலத்து நைலான் ஒன்று ஸ்டெப்னியாகக் கிடந்தது. அதை மாட்டிப் பார்த்தேன். வழுக்கையாகிவிட்ட அந்த டயரே 174 காட்டியது. புதுசாக இருந்தபோது 155-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும். ஆக, உயரத்தில் 155 ஜெயிக்கிறது. ஸ்பீடோமீட்டரும் அதில் சரியாக இருக்கும். 145 போட்டால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 58-இல் போகும்.

அந்த இரண்டு கிலோமீட்டருக்காக 155 வாங்கலாமா என்றால், கூடாது என்பேன். காரணம் அந்த மூன்றரை அங்குல ரிம்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அகல ரிம்மில்தான் உட்கார வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. 145/80-க்கு மூன்றரை முதல் ஐந்து அங்குலம். 155/80-க்கு நாலு முதல் ஐந்தரை. ஹெரால்டின் மூன்றரை அங்குல ரிம் 145-க்கு ஆரம்ப எல்லையில் பொருந்துகிறது. 155-க்கு எல்லைக்கு வெளியே. ஸ்பிட்ஃபயருக்கே பிற்காலத்தில் 155 கொடுத்தபோது ரிம்மை நாலரை அங்குலம் ஆக்கித்தான் கொடுத்தார்கள். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால், இடுப்பில் கயிறு இறுக்கிக் கட்டின நெல்மூட்டை மாதிரி இரண்டு பக்கமும் பிதுங்கி, நடுப்பாகம் மேடாகிவிடும். பதினொரு வருஷம் ஓட்டினேன், கழற்றும்போது நடுவில் கோடு தேய்ந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் புதுசு போல இருந்தது. அதாவது அகலமாகப் போட்ட டயரில் பாதிதான் ரோட்டைத் தொட்டிருக்கிறது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முதலில் டயர் ரிம்மின் மேல் சாயும், அப்புறம்தான் வண்டி திரும்பும். அந்த இடைவெளி கண் இமைக்கும் நேரம்தான். ஆனால் ஹெரால்டின் ஸ்டீயரிங் அத்தனை துல்லியமானது. அதைக் கெடுத்துவிட்டேனே என்று 145 போட்ட அன்றைக்குத்தான் உறைத்தது.

அகலத்துக்கு எதிராக இன்னொரு காரணம் இருக்கிறது, இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் முறையில் தொங்குகின்றன. நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலில் இருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட், கீல் போட்ட கதவு போல மேலும் கீழும் ஆடும். சக்கரம் அந்த ஷாஃப்டோடு சேர்ந்தே சாயும். வேகமாக ஒரு வளைவுக்குள் போய்விட்டு, பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ, வண்டியின் பின்பக்கம் எழும்பும். எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். டயரின் ஓரம் மட்டும் தரையில் நிற்கும். அடுத்த நொடி வண்டியின் வால் வெளியே வீசும். ஸ்பிட்ஃபயரில் இந்தக் குறையைக் குறைக்க 1970-இல் பின் ஸ்பிரிங்கையே மாற்றி அமைத்தார்கள். ஹெரால்டில் அது இல்லை.

இதில் டயரின் பங்கு என்ன? வெளிப்பக்க டயர் பக்கவாட்டில் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ, அந்த அளவுக்குப் பின்பக்கத்தை மேலே தூக்கும் விசையும் கூடுகிறது. ஆகவே அகலமான, அதிகம் ஒட்டிப் பிடிக்கும் டயர் போட்டால் வண்டி பத்திரமாகிவிடும் என்று நினைப்பது இந்தக் காரில் தலைகீழ். சாதாரணக் குறுகிய டயர் கொஞ்சம் முன்னதாகவே மெல்ல வழுக்கி, "போதும், குறை" என்று சொல்லும். பாபநாசத்தில் இருந்து காரையார் ஏறி இறங்குகிற பாதையில் எனக்கு அந்தச் சொல் வேண்டும். 145-இன் குறைந்த உயரம் அந்த ஏற்றத்தில் இன்னொரு நன்மையும் செய்கிறது: சின்ன என்ஜினுக்கு இழுவை கொஞ்சம் கூடுகிறது. இரண்டாவது கியரில் திணறிக்கொண்டிருந்த வளைவுகளில் இப்போது மூச்சு வாங்காமல் ஏறுகிறது. நாலுவழிச் சாலையில் என்ஜின் சத்தம் சற்றுக் கூடுவது அதற்கான விலை.

145/80 ஆர் 13 கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். பழைய வேகன் ஆர், எஸ்-பிரெஸ்ஸோ, இப்போதைய ஆல்டோ கே10 ஆகியவற்றில் வரும் அளவுதான். எம்ஆர்எஃப், அப்போலோ, சியட் எல்லாரும் போடுகிறார்கள். பக்கத்தில் 75 என்று இருக்கும். ஒரு டயர் 387 கிலோ தாங்கும் என்று பொருள். நாலுக்கும் சேர்த்து ஒன்றரை டன்னைத் தாண்டுகிறது. நாலு பேரும் சாமானும் ஏறினாலும் ஹெரால்டு அதன் பக்கத்தில்கூட வராது. கூட இருக்கும் டி என்ற எழுத்து மணிக்கு 190 கிலோமீட்டர் வரை என்பது. நம் வண்டிக்கு அதில் பாதி போதும். கம்பெனிகளுக்குள் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: "லட்சம் கிலோமீட்டர் ஓடும்" என்று விற்கிற கெட்டி ரப்பர் டயருக்குக் கூடக் காசு கொடுக்காதீர்கள். இந்தக் கார் வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். டயர் தேய்ந்து போகப்போவதில்லை, வயசாகித்தான் போகப்போகிறது. மழையில் நன்றாகப் பிடிக்கிற, சத்தம் குறைந்த டயரைக் கேளுங்கள்.

அலாய் வீலும் 175-உம் சொன்னவருக்குப் பதில் சுருக்கமானது. ஹெரால்டின் நாலு போல்ட்டும் 95.25 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன. கடையில் தொங்கும் நாலு ஓட்டை அலாய்களில் பெரும்பாலானவை 100 மில்லிமீட்டர். ஓட்டையை இழைத்துப் பெரிதாக்கி மாட்டித் தருகிறேன் என்பார்கள். அப்படி மாட்டிய சக்கரம் நடுவில் நிற்காது, போல்ட்டின் மேல் தொங்கும். அதற்கு மேல் 175 அகலம் வேறு. ஹெரால்டின் முன்சக்கரம் மற்றக் கார்களைவிட அதிகம் திரும்பும். 25 அடி வட்டத்தில் வண்டியைத் திருப்பிவிடலாம். டவுன் ரத வீதியில் ஒரே ஒடிப்பில் திரும்புகிற சுகம் அது. அகல டயர் போட்டால் முழுசாக ஒடிக்கும்போது உள்ளே உரசும். ஸ்விங் ஆக்சில் பற்றிச் சொன்னதை இங்கே மூன்று மடங்காக்கிக்கொள்ளுங்கள். வேண்டவே வேண்டாம்.

வெளிநாட்டில் பழைய கார்களுக்கென்றே மிஷலின், பிரெல்லி போன்றவர்கள் அந்தக் காலத்து வடிவத்தில் ரேடியல் போடுகிறார்கள். அருமையான பொருள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் 2020 ஜூனில் இருந்து புது டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், ஐ.எஸ். 15633 தரச் சான்றும் வேண்டும். தனி ஆள் நாலு டயருக்காக அதற்குள் இறங்குவது கஷ்டம். நமக்குத் தேவையான அளவு இங்கேயே தயாராகி, ஒரு டயர் நாலாயிரம் ரூபாய் சுமாரில் கிடைக்கும்போது அந்தக் கஷ்டத்துக்கு அவசியமும் இல்லை. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டின ரீட்ரேட் டயரைக் காரில் மாட்டுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இனி ட்யூப். வெள்ளத்துக்குப் பிறகு ரிம்களை எடுத்துக்கொண்டு மேலப்பாளையம் போகிற வழியில் நான் வழக்கமாகப் போகும் வல்கனைசிங் கடைக்குப் போனேன். ட்யூப்லெஸ் டயர்தானே, ட்யூப் இல்லாமலே போட்டுவிடலாமே என்பது என் யோசனை. கடைத் தம்பி ஒன்றும் சொல்லாமல் ரிம்மின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்று இழுத்தான். துரு செதில் செதிலாகக் கழன்று, கருவாட்டுச் செதில் போலத் தரையில் விழுந்தது. அப்புறம் புது வேகன் ஆர் ரிம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தான். புதியதில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்கு உள்பக்கமாக ஒரு சிறு மேடு வட்டமாக ஓடுகிறது. காற்று குறைந்தாலும் டயர் உள்ளே நழுவாமல் அந்த மேடு பிடித்துக்கொள்ளும். என் ரிம்மில் அந்த இடம் வழவழப்பாக இருந்தது. "பாத்துக்கிட்டீயளா அண்ணாச்சி? இதுல ட்யூப் இல்லாமப் போட்டு, நாங்குநேரி தாண்டி டயர் கழண்டுச்சுன்னா என்ன செய்வீய? ட்யூப் போட்டுருவோம்" என்றான். போட்டோம்.

ட்யூப் போடுவதில் ஒரு நட்டம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. நம் பக்கம் முள் அதிகம். உடை முள், வேலிக்கருவை முள், இரண்டும் புது டயரையே குத்திக்கொண்டு போகும். திசையன்விளை, உவரிப் பக்கம் தேரிமண்ணில் வண்டியை ஓரங்கட்டினால் போதும். ட்யூப்லெஸ் என்றால் முள் குத்தினாலும் மெல்ல மெல்லத்தான் காற்று இறங்கும். ட்யூப் என்றால் சீக்கிரம் இறங்கிவிடும். அதனால்தான் ஸ்டெப்னியும் அதே 145 புது டயராக இருக்கட்டும் என்கிறேன். டிக்கியில் ஒரு ட்யூப் கூடுதலாகக் கிடக்கட்டும். ட்யூப் ரேடியலுக்கு என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும் முன் டயரின் உள்ளே ஒட்டியிருக்கும் காகித ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்பக்கம் முழுக்க சாக் பவுடர் தூவச் சொல்லுங்கள். அந்த ஸ்டிக்கரின் ஓரமே உரசி உரசி ட்யூபை ஓட்டையாக்கிவிடும்.

தேதி விஷயத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். 2012-இல் அந்த 155-களை ஒரு கடையில் வாங்கியபோது பளபளவென்று இருந்தன. சுவரை நான் பார்க்கவில்லை. ஐந்து வருஷத்தில், தேய்மானமே இல்லாமல், கரம்பை மண் வெயிலில் வெடித்த மாதிரி பக்கச் சுவரெல்லாம் கீறல். அப்போதுதான் குனிந்து படித்தேன்: 2808. 2008-ஆம் வருஷம், 28-ஆவது வாரம். நான் காசு கொடுத்த அன்றே அதற்கு நாலு வயசு. இந்த நாலு எண் டயரின் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் முழுசாக இருக்கும், டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மாட்டிவிட்டால் அப்புறம் படுத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆகவே ரிம்மில் ஏற்றும் முன்பே, ஐந்தையும், ஒவ்வொன்றாக. கீறல் பார்ப்பதற்கு டயரின் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிதுக்குங்கள். சும்மா பார்த்தால் தெரியாத வெடிப்பு அப்போது வாய் திறக்கும். தேய்மானம் இருக்கிறதோ இல்லையோ, ஏழெட்டு வருஷத்தில் மாற்றிவிடுவது என் வழக்கம் ஆகிவிட்டது. பத்துக்கு மேல் எந்த டயரும் வேண்டாம்.

காசு இப்போதைக்கு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால், கொஞ்சம் பொறுத்து ஐந்தாகவே வாங்குங்கள். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று கலந்து போடுவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. முன்சக்கரம் பிடிக்கும், பின்சக்கரம் பிடிக்காது, வால் வீசும். பிரிட்டனில் அந்தக் கலப்பைச் சட்டமே தடுக்கிறது. ஸ்விங் ஆக்சில் வண்டியில் அதைச் செய்வது இன்னும் மோசம்.

காற்று எவ்வளவு? நான் முன்னால் 24, பின்னால் 28 வைக்கிறேன். கடையில் கேட்காமலே நாலுக்கும் 32 அடித்துவிடுவார்கள். இந்த எடைக்கு அது அதிகம், வண்டி துள்ளும். பின்னால் முன்னைவிட நாலு புள்ளி கூட இருப்பது வேண்டுமென்றே செய்வது, வால் அடங்கி நிற்பதற்காக. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது வீட்டிலேயே பாருங்கள்.

சக்கரம் கழன்று இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு வேலையும் முடித்துவிடலாம். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியனுக்குக் கியர் ஆயில் போடுங்கள். கிரீஸ் அடிக்கக் கூடாது. கிரீஸ் உள்ளே கெட்டியாகி, எண்ணெய் போக வேண்டிய திருகு மறைக்குள் போகாது. மறை தேய்ந்து அது உடைந்தால் முன்சக்கரம் மடங்கிக்கொள்ளும், எத்தனை நல்ல டயர் போட்டிருந்தாலும். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடையில் ஹெரால்டின் கணக்கு இருக்காது. நூல் கட்டிப் பார்க்கத் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, முன்பக்கம் மிகக் கொஞ்சம் உள்ளே பார்க்கும்படி வைக்கச் சொன்னால் போதும்.

தம்பி வருகிற சனிக்கிழமை ரிம் ஐந்தையும் எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்கு வருகிறான். முதலில் கம்பி பிரஷ், அப்புறம் பிரைமர், ஒரு நாள் காய வேண்டும். திங்கட்கிழமை டயர் கடை. டார்ச் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், தேதி படிக்க.